சரிபாதிப் படம்

ஊருக்கெல்லாம் ஆடி மாதம் புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கிற மாதம். புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண்ணைத் தாய்வீட்டார் வந்து கையோடு அழைத்துப் போய்விடுவார்கள். ரிக் வண்டிக்காரர்களின் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். வடக்கே மழை இறங்கி, ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற வண்டிகள் சேற்றில் நகர முடியாமல் நின்றால்தான் அவர்கள் வீட்டு ஆண்கள் ஊர் திரும்புவார்கள். ஆடி பிறந்தால் வருவார்கள், ஆவணி முடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மிச்ச மாதங்களுக்குப் போன் இருக்கிறது.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு மைல் போனால் சத்யபிரியாவின் வீடு. பதினெட்டு வருஷமாக அவள் இப்படித்தான் குடும்பம் நடத்திவருகிறாள். புருஷன் தீனதயாளனுக்கு ஒரு ரிக் வண்டியில் கால் பங்கு. அந்த வண்டிக்கு மேனேஜரும் அவன்தான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றியவன் கடைசி மூன்று வருஷமாக இமயமலை அடிவாரத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தான். ஒரே மகள் யுவஸ்ரீ நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவளையும் பார்க்கலாம்.

தீனதயாளன் கெட்டவன் இல்லை. பேசத் தெரியாதவன். ஏதாவது பேசுங்களேன் என்றால், பாறை எத்தனை அடியில் தட்டுப்பட்டது, தண்ணீர் எத்தனை இஞ்ச் வந்தது என்று சொல்வான். அதையும் சொல்லி முடித்துவிட்டால் குளிக்கப் போய்விடுவான். இந்த ஆடியிலும் அப்படித்தான் வந்தான். பெட்டியிலிருந்து ஆப்பிளை எடுத்தான், வாதுமைக்கொட்டையை எடுத்தான், கடைசியாகச் செய்தித்தாள் சுற்றிய தட்டையான பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"என்னுங்க இது?"

"படம். பாத்தீன்னா உனக்கே தெரியும்."

அவ்வளவுதான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அந்த ஒரு நிமிஷம் நின்று இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் நாற்பது நாள் மிச்சமாகியிருக்கும்.

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் அளவுக்குத்தான் இருந்தது படம். சுற்றிலும் செங்காவி நிறத்தில் கரை. நடுவில் பூத்த மரம் ஒன்று, அதன்மேல் கொடி படர்ந்து, படத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நின்றது. இடது பக்கம் வெள்ளைச் சுவர் வைத்த ஒரு வீடு. அதன் வாசற்படியில் ஒருத்தி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குடம். வலது பக்கம் அடர்ந்த சோலை. இலைகளைப் பரப்பிய படுக்கையில் மயிற்பீலி செருகிய நீலநிறத்தவன் அமர்ந்து ஒருத்தியின் கையைப் பிடித்திருந்தான். அவள் தலையைக் குனிந்திருந்தாள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மேலே கருமேகம், அதில் நூல் மாதிரி ஒரு பொன்மின்னல், அரிசிக் குருணை அளவில் கொக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தாலும் பார்க்க இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. ஆனால் "உனக்கே தெரியும்" என்றானே, என்ன தெரிய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பக்கத்துக் காட்டுச் சௌந்திரம் அக்கா மோர் வாங்க வந்தபோது படம் மேஜைமேல் கிடந்தது. அக்கா முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கிருஷ்ணரு. ரெண்டு சம்சாரத்தோட இருக்கறாரு."

"ரெண்டுங்களா?"

"எண்ணிப் பாரு அம்மிணி. முருகனுக்கு ரெண்டு, பெருமாளுக்கு ரெண்டு. எந்தத் தேரு வந்தாலும் சாமிக்கு இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணுதான? மூத்தவ ஊட்டு வாசல்ல உக்காந்திருக்கறா. இளையவளக் கூட்டிட்டு அவரு தோட்டத்துக்குப் போயிட்டாரு. மூஞ்சியப் பாரு, பாவம்."

சத்யபிரியா பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒரே மாதிரி செம்பழுப்புப் பாவாடையும் மஞ்சள் முக்காடும் போட்டிருந்தார்கள். பாவாடைக் கரையில் ஓடிய சின்னச் சின்னப் பூக்கள்கூட ஒரே பூக்கள். "துணி ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்குதுங்களேக்கா" என்றாள்.

"அதத்தான நானும் சொல்றேன். எங்க பெரியப்பன் ரெண்டு கட்டுனவரு. தீவாளிக்கு ஒரே கலரு, ஒரே கரையில ரெண்டு சேலை எடுத்துட்டுத்தான் ஊடு வந்து சேருவாரு. ஒண்ணுல ஒரு ஜரிகை நூலு கூட இருந்துச்சுன்னா அன்னிக்கு ஊட்டுல அடுப்பெரியாது. கிருஷ்ணருக்கும் அந்த அனுபவம் இருக்குமாட்ட இருக்குது."

அக்கா சிரித்துக்கொண்டே மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் மனசில் ஒன்றும் இல்லை. சத்யபிரியாதான் படத்தை மறுபடியும் கையில் எடுத்தாள். வாசலில் ஒருத்தி, தோட்டத்தில் ஒருத்தி. பாத்தீன்னா உனக்கே தெரியும்.

அதன் பிறகு எல்லாமே அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. பங்குனியில் ஒருநாள் மத்தியானம் போன் பேசும்போது பின்னால் ஒரு பெண்பிள்ளை இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தது. கேட்டதற்கு, சமைக்கிற அம்மா என்றான். மூன்று வேளையும் சோறு தின்றவன் இப்போது ராத்திரிக்குச் சப்பாத்தி கேட்கிறான். மாவை உள்ளங்கையில் தட்டி மெல்லிசாக்க அவனுக்கே தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது? பேசத் தெரியாத மனுஷன், வாயால் சொல்ல முடியாததைப் படத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள். இதில் பாதியைச் சரியாகத்தான் ஊகித்திருந்தாள். பாதி சரியாக ஊகிப்பதைப் போல ஆபத்து வேறு கிடையாது.

சண்டை போடவில்லை. அதுதான் அவள் சுபாவம். சோறு போட்டாள், சப்பாத்தியும் போட்டாள். ஆடிப் பதினெட்டுக்கு அவனோடு கோயிலுக்குப் போய்வந்தாள். மகள் வந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்தாள். அவன் ஒன்றிரண்டு தரம், "படம் பாத்தியா?" என்று கேட்டான். "பாத்தேன்" என்றாள். "புரிஞ்சுதா?" என்றான். "நல்லாப் புரிஞ்சுது" என்றாள். அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்தத் திருப்தியைப் பார்த்த அன்றைக்குத்தான் இனி இவனோடு இருப்பதில்லை என்று அவள் தீர்மானித்தாள்.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை அவனுக்கு ரயில். அதற்குள் ராசிபுரத்தில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூட்டிவைத்துப் பேசிவிட வேண்டும். ஒன்று அவள், இல்லையென்றால் நான். இரண்டும் வேண்டுமென்றால் உறவைத் தீர்த்து என்னை விட்டுவிடுங்கள். இதைச் சொல்ல எத்தனை நாளோ ஒத்திகை பார்த்துவிட்டு, புதன்கிழமை காலை படத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தன் வழக்குக்குக் கிருஷ்ணனையே சாட்சியாக அழைத்துப் போன பெண் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அண்ணன் கலையரசனுக்கு ராசிபுரத்தில் பட்டுத்தறிகள். அவள் போனபோது அவர் தறிக்குப் பாவு நூல் பார்க்க வெளியே போயிருந்தார். அண்ணி யாரோ வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். முன்னறையில் ஷாலினி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தறிக்கு டிசைன் போட்டுக்கொடுக்கிற பெண். சேலத்தில் அதற்கென்று படித்துவிட்டு வந்து நாலு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறாள். திரையில் ஒரு மயிலை வரைந்து, அதையே முகம் திருப்பி இன்னொரு மயிலாக்கி, எதிரெதிரே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. அண்ணன் இப்ப வந்துருவாருங்க. உக்காருங்க."

சத்யபிரியா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பைக்கு வெளியே செங்காவிக் கரை நீட்டிக்கொண்டிருந்தது. ஷாலினியின் கண் அதில் போய் நின்றது.

"என்ன படமுங்க்கா? பாக்கலாங்களா?"

கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நாற்பது நாளாக மனசுக்குள் வைத்திருந்ததை யாரிடமாவது காட்ட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். ஷாலினி துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்துக்கொண்டாள்.

"கையில போட்டது. அச்சு இல்ல" என்றாள். "நாங்க படிக்கறப்போ இந்த மாதிரிப் படத்தப் பாத்துப் போட வெச்சாங்கக்கா. இமயமலைப் பக்கத்து ஆளுங்க பரம்பரையாப் போடறது. ராதை கிருஷ்ணன் பேர்ல பாட்டு இருக்குமுங்க. கோவிலு பாட்டுத்தான், ஆனா முழுக்க முழுக்க லவ்வு. பாட்டுல ஒரு அடி வந்தா அதுக்கு ஒரு படம்."

"அதுல மூத்தவ யாரும்மிணி?"

"மூத்தவளா?"

"வாசல்ல உக்காந்திருக்கறவ. அந்தப்பக்கம் இருக்கறவ இளையவ."

ஷாலினிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு பேரு இல்லீங்க்கா. ஒருத்திதான். ரெண்டு எடத்துலயும் ராதைதான்."

"ஒருத்தி எப்புடி ரெண்டு எடத்துல இருப்பா?"

"கல்யாண ஆல்பத்துல பாத்ததில்லீங்களா? ஒரே பக்கத்துல பொண்ணு தாலி கட்டிக்கற மாதிரி நிக்கும், பக்கத்துலயே ரிசப்சன்ல சிரிச்சுட்டு நிக்கும். மாப்பிள்ளை ரெண்டு பேரைக் கட்டுனாருன்னா நெனைக்கறோம்? காலைல நடந்தது ஒண்ணு, பொழுதோட நடந்தது ஒண்ணு. அத மாதிரித்தாங்க. நடுவுல மரம் நிக்குது பாருங்க, அதுக்கு இந்தப்பக்கம் ஒரு நேரம், அந்தப்பக்கம் ஒரு நேரம்."

"ஆல்பத்துல சேலை மாறும்."

"அதுக்குத்தான் இதுல மாத்த மாட்டாங்க. ஆளு அதே ஆளுதான்னு தெரியோணுமில்ல, அதுக்காக ஒரே துணி."

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, பட்டில் இஞ்சுக்கு எத்தனை நூல் என்று எண்ணுகிற சின்னக் கண்ணாடியை எடுத்தாள். அதைப் படத்தின்மேல் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். கண்ணாடியை இடமிருந்து வலமாக நகர்த்தினாள், மறுபடி வலமிருந்து இடமாக நகர்த்தினாள்.

"ரெண்டு மூஞ்சியும் ஒண்ணுதானுங்க. அட, மச்சங்கூட விடாமப் போட்டிருக்கறாங்க. ராதைக்கு மச்சம் வெச்சு நான் பாத்ததேயில்லை. இடது காதுக்குக் கீழ, தாடையோட..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் சத்யபிரியாவின் இடது காதுக்குக் கீழே பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணாடியை அவளிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்கக்கா."

சத்யபிரியா குனிந்து பார்த்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவளின் தாடையில், கடுகில் நூறில் ஒரு பங்கு இருக்கும், ஒரு கரும்புள்ளி. கண்ணாடியை நகர்த்தி மரத்தைத் தாண்டி அந்தப்பக்கம் போனாள். தலைகுனிந்திருந்தவளின் தாடையிலும் அதே இடத்தில் அதே புள்ளி. அவளுடைய மச்சம். கல்யாணமான புதிதில் அவன் அதைத் தொட்டுப் பார்த்து, "மை ஒட்டிட்டுதுன்னு நெனைச்சேன்" என்று சொல்லியிருக்கிறான். அவன் வாயிலிருந்து வந்த ஒரே சரசமான பேச்சு அதுதான்.

நாற்பது நாளாக அவள் வயிறெரிந்து சபித்தது இந்தப் புள்ளிக்காரியைத்தான். அவளுக்குத் திடீரென்று அழுகை வந்தது. ஷாலினி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் சத்யபிரியா கேட்டாள்.

"இதுல எது மொதல்ல நடந்தது?"

"அது சொல்ல முடியாதுங்க. காத்திருந்து அப்பறம் சேந்தாளோ, சேந்திருந்து அப்பறம் தனியா ஆனாளோ. மேல மேகம் இருக்குது. மழைக்காலந்தான் ஊருக்குப் போனவங்க திரும்பி வர்ற காலம்னு அவங்க பாட்டுல வருமுங்க. அதனால வந்துட்டாருன்னும் வெச்சுக்கலாம். இல்ல, அந்தப்பக்கம் இருக்கறது மொத்தமும் இவ வாசல்ல உக்காந்து நெனைக்கறதுன்னும் சொல்லுவாங்க. அப்புடின்னா அவரு வரவேயில்ல."

கலையரசன் வந்தார். வேட்டி மடிப்பில் பட்டு நூல் ஒட்டியிருந்தது. "என்ன சத்யா, சொல்லாமக் கொள்ளாம?" என்றார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்கண்ணா" என்றாள். காப்பி குடித்தாள். தறிகளைப் பற்றி விசாரித்தாள். மாப்பிள்ளை எப்போது கிளம்புகிறார் என்று அவர் கேட்டதற்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மனசு லேசாகியிருக்க வேண்டும். முதல் இரண்டு நிறுத்தம் வரைக்கும் லேசாகத்தான் இருந்தது. அப்புறம் படத்தை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். மரம் சரியாக நடுவில் நின்றது. இடது பக்கம் எவ்வளவோ வலது பக்கமும் அவ்வளவு. வேறொருத்தி இருந்திருந்தால் எவ்வளவு சுலபம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அவளைத் திட்டலாம், அவள் குடி கெட்டுப்போகட்டும் என்று மண்ணை வாரி இறைக்கலாம், நாலு பெரியவர்கள் சேர்ந்து நியாயம் சொல்வார்கள். யாருமே இல்லை, ஆனாலும் புருஷன் வீட்டில் இல்லை என்றால் அதை எந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வது? ஊரில் பாதி வீடு அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். அந்தப் பாதி வீடுகளிலும் வாசற்படி இருக்கிறது. ஏமாற்றிவிட்டான் என்ற கோபம் இறங்கிப்போன இடத்தில் வேறொரு கோபம் ஏறி உட்கார்ந்தது. இது இன்னும் பழையது. பதினெட்டு வருஷமாக அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் அதற்கு முகம் கிடைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது தீனதயாளன் கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தான். அவள் படத்தை அந்தத் துணிகளின்மேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் நாந்தானா?"

அவன் நிமிர்ந்தான். "ஆமா. சொன்னனே."

"எப்பச் சொன்னீங்க?"

"பாத்தாத் தெரியும்னு சொன்னனே. புரிஞ்சுதான்னு ரெண்டு தடவ கேட்டேன், நல்லாப் புரிஞ்சுதுன்ன."

அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். தான் என்ன நினைத்திருந்தாள் என்பதைச் சொன்னாள். சௌந்திரம் அக்காவின் பெரியப்பன், ஒரே மாதிரித் துணி, சப்பாத்தி, அண்ணன் வீட்டுக்குப் போனது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் படம் போடறவரு ஊட்டுல போர் போட்டமில்ல" என்று மெதுவாக ஆரம்பித்தான். "ஐந்நூத்தி இருவது அடியில தண்ணி வந்துச்சு. அவரு படம் போட்டுட்டு உக்காந்திருந்தாரு. அணில் மசுருல செஞ்ச பிரஷ்ஷு. என்ன கதைன்னு கேட்டேன். சாமி அவள உட்டுட்டுப் போறதும், அவ கோவிச்சுக்கறதும், அவரு வந்து சமாதானம் பண்றதும் எல்லாமே பக்திதான்னு சொன்னாரு. அவங்கறது மனுச உசுரு, அவருங்கறது சாமி, காத்திருக்கறதுதான் பூசைன்னாரு."

"நம்மூர்ல பெத்த புள்ளையில இருந்து பல்லுப்போன கெழவன் வரைக்கும் எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடறோம். ஒருத்தரும் இத்தன நாளு காக்க வெக்கறதில்ல."

அவள் படத்தின் நடுவில் இருந்த மரத்தின்மேல் விரல் வைத்தாள்.

"இந்தப்பக்கம் பத்தரை மாசம். அந்தப்பக்கம் நாப்பது நாளு. ஆனா பாருங்க, சரிபாதியாப் பிரிச்சு வெச்சிருக்கறாரு. உங்க படக்காரருக்குக் கோடு போடத் தெரியல. இந்த மரத்தத் தூக்கி இந்தா, இந்த ஓரத்துல வெச்சிருக்கோணும்." விரல் வலது கரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. கிருஷ்ணன் நிற்பதற்குக்கூட அங்கே இடம் மிஞ்சவில்லை. "அப்பறம் நான் எப்ப வாசல்ல கன்னத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருந்தேன்? மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணி கட்டறது யாரு? மோட்டாரு எரிஞ்சா ஆளக் கூட்டியாறது யாரு? எனக்கு உக்கார நேரமிருக்குதா?"

தீனதயாளன் ஒரு சட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"தை மாசம் ஒருக்கா வீடியோ கால் பேசுனம்" என்றான். "பேசி முடிச்சுட்டுப் போனைச் சொவத்துல சாத்தி வெச்ச. கட் பண்ண மறந்துட்ட. நீ போயி வாசல்படியில உக்காந்த. நானும் கட் பண்ணல. இப்புடித்தான் உக்காந்திருந்த, கன்னத்துல கைய வெச்சுட்டு. அரை மணி நேரம். ஒண்ணுமே பண்ணல. பசங்க பைப்ப எறக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க, நான் போகல. அதத்தான் அவருகிட்டச் சொன்னேன். உன் போட்டோவக் காட்டுனேன். மச்சம் அவரே கண்டுபுடிச்சாரு."

பதினெட்டு வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. தையில் எந்த நாள், எதை நினைத்து உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்கு நினைவில் இல்லை. உட்கார்ந்திருந்தது மட்டும் உண்மையாக இருக்கும் என்று தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்ததை ஒருத்தர் பார்த்திருக்கிறார் என்றால் கூச்சமாக இருக்க வேண்டும். அவளுக்குக் கூச்சமாக இல்லை. யாராவது பார்த்தார்களே என்று இருந்தது.

"எனக்கும் டிக்கெட் போடுங்க" என்றாள். "யுவஸ்ரீக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கலாம். தீவாளிக்கு முன்னாடி நான் திரும்பி வந்துர்றேன்."

அவன் பதறிப்போனான். "அங்க ஒரு வசதியுங் கெடையாது சத்யா. தகரக் கூரை. ஒரே ரூம்புல நாலு பேரு. குளிரு. தண்ணிக்குக் கீழ எறங்கிப் போகோணும். அங்க நான் எப்புடி இருக்கறேன்னு நீ பாக்க வேண்டாம்."

"நான் எப்புடி இருக்கறேன்னு நீங்க பாத்துட்டீங்க. பாத்ததும் பத்தாதுன்னு படம் போட்டு வாங்கிட்டு வந்திருக்கறீங்க. நானும் ஒருக்காப் பாக்கறேன்."

அவன் சட்டையை அப்படியே போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வியாழக்கிழமை முழுக்க அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவன் எதிரே வந்தால் பார்வையை ஆட்டுப்பட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான். சரி, இந்த மனுஷன் வாயிலிருந்து இனி ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேலம் ஜங்ஷன் போகக் கார் வந்தது. டிரைவர் பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தான். தோள்பையைத் தீனதயாளன் பின்சீட்டில் வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தான். இந்தப் பக்கத்தில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. போகிறவர் வாரேன் என்பார், இருக்கிறவர் போயிட்டு வாங்க என்பார். பதினெட்டு வருஷமாக அவன் பங்கை அவனும் அவள் பங்கை அவளும் தவறாமல் சொல்லிவந்திருக்கிறார்கள்.

"வாரேன், சத்யா."

அவள் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டாள். கோபமாக இருக்கிறாள் போல என்று அவன் கால்மாற்றி நின்றான். உள்ளே பின்கதவுக்குத் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பிறகு அவள் ஒரு பையோடு வெளியே வந்து, முன்கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவனைக் கடந்து வேலி வரைக்கும் நடந்தாள். சௌந்திரம் அக்கா அங்கே வெள்ளாடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். சாவியை அவள் கையில் வைத்தாள்.

"மாட்டையும் ஆடு ரெண்டையும் சித்தப் பாத்துக்கங்கக்கா. வாரேன்."

"போயிட்டு வா அம்மிணி" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள் அக்கா. சொன்ன பிறகுதான் சாவியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

சத்யபிரியா போய்க் காரில் ஏறிக்கொண்டாள். தீனதயாளன் சற்று நேரம் வெளியிலேயே நின்றுவிட்டு, மறுபக்கம் சுற்றி வந்து ஏறி, இருவருக்கும் நடுவில் இருந்த தோள்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திறந்து, அவளிடம் காட்டாமல் தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதன்கெழமையே உனக்கும் போட்டுட்டேன்" என்றான் தணிந்த குரலில். "சொல்றதுக்குத்தான் எப்புடின்னு தெரியல. எனக்கு சீட்டு இருக்குது. உனக்கு வெயிட்டிங் லிஸ்ட்டுலதான் கெடைச்சுது."

"அது எனக்குப் பழக்கந்தான்" என்றாள் சத்யபிரியா. "வண்டிய எடுக்கச் சொல்லுங்க."